கைப்பம்பு கற்பிக்கும் பாடம்

கிராமங்களில் நடைபெறும் பொதுக் காரியங்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்துடனேயே தொடங்கப்பெறுகின்றன. பணமும் தாராளமாகவே செலவிடப்படுகின்றது. ஆயினும், சில ஆண்டுகள் சென்றபின் பார்த்தால், பூட்டிக் கிடக்கும் களஞ்சியமும், நீர் வாராத குழாயும், துருவேறி நிற்கும் இயந்திரமும் பல ஊர்களிற் காணப்படுகின்றன. இவற்றைக் கண்டோரில் சிலர் ஜனங்களின் அசிரத்தையைக் குறை கூறுவர். சிலர் சர்க்காரைக் குறை கூறுவர். காரியத்தை வகுத்த முறையிலேயே குறை இருந்திருக்கக் கூடுமோ என்று ஆராய்வோர் மிகச் சிலரே.

அவ்வாறு ஆராய்ந்து காரியங்களை அமைப்பதற்கென ஒரு முறை உண்டு. அதனை டிசைன் திங்கிங் என்பர். தமிழில் வடிவமைப்புச் சிந்தனை எனலாம். முதலில் இது விளக்கு, நாற்காலி, இயந்திரம் முதலிய பொருள்களை உருவாக்குவோரின் தொழில் முறையாக இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து குடிநீர், சுகாதாரம், கல்வி போன்ற பெரிய சமூகக் காரியங்களுக்கும் இதனைக் கையாளத் தலைப்பட்டனர். இதன் படிகள் ஐந்து. பயன்படுத்தப் போகும் மக்களை அவர்கள் இருக்கும் இடத்திலேயே சென்று கவனித்தல் முதற்படி. குறை இன்னதென்று திட்டமாக வரையறுத்தல் இரண்டாவது. அதற்குரிய வழிகள் பலவற்றை ஒப்பிட்டு நோக்குதல் மூன்றாவது. மாதிரி ஒன்று செய்து கடுமையாகச் சோதித்தல் நான்காவது. சோதனையிற் கண்ட பழுதுகளை நீக்கி, அதன் பின்னரே எங்கும் பரப்புதல் ஐந்தாவது.

விவசாயிகளுக்கு இது முற்றிலும் புதிய சங்கதியன்று. புதிய நெல் ஒன்றைக் கேள்வியுற்றவுடன் நஞ்சை முழுவதிலும் அதையே நடும் குடியானவன் எவனும் இல்லை. ஒரு பாத்தியில் விதைத்து, தன் மண்ணுக்கும் தன் தண்ணீருக்கும் அது ஏற்கின்றதா, கதிர் சாய்கின்றதா, வைக்கோலை மாடு தின்கின்றதா என்பவற்றைப் பார்த்த பின்னரே அவன் துணிகின்றான். தன் நிலத்தில் கைக்கொள்ளும் இந்த நிதானத்தைப் பொதுக் காரியத்திலும் கைக்கொள்ள வேண்டும் என்பதே இம்முறையின் சாரம்.

ஆனால் பொதுக் காரியம் ஒரு பாத்தியைக் காட்டிலும் சிக்கலானது. 1973-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்களான ஹார்ஸ்ட் ரிட்டல், மெல்வின் வெப்பர் என்னும் இருவர் இது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். சமூகப் பிரச்னைகளுக்குக் கணக்குப் புத்தகத்தில் உள்ளது போன்ற முடிந்த விடை கிடையாது என்றும், ஒருவர் கண்ட பரிகாரமே வேறொரு குறைக்கு வித்தாகலாம் என்றும், ஒரு முறை செய்து விட்டதை முற்றிலும் அழித்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குதல் அரிது என்றும் அவர்கள் விளக்கினர். இவ்வுண்மைகள் யாவையும் நம் ஊர்களுக்கு நன்கு அறிமுகமான ஒரு கருவியின் வரலாற்றிற் காணலாம். அக்கருவி கைப்பம்பு, ஜனங்கள் அடிபம்பு என்று வழங்குவதும் இதுவே.

பழைய பம்புகளின் கதி

தென்னிந்தியாவின் பெரும்பகுதி கடினப் பாறையின்மேல் அமைந்தது. இப்பாறையைக் கையால் உடைத்துத் தோண்டும் கிணறுகள் கோடையில் வற்றிப் போவது வழக்கம். 1966-67-இல் வட இந்தியாவிற் பஞ்சம் நேர்ந்தபோது, காற்றழுத்தத்தால் பாறையைத் துளைக்கும் புதிய இயந்திரங்களை யுனிசெப் ஸ்தாபனம் தருவித்தது. பல நாட்களில் முடியாத வேலையைச் சில மணி நேரத்தில் அவை முடித்தன. அதன் பின்னர் நாட்டின் பல ஜில்லாக்களிலும் ஆழ்துளைக் கிணறுகள் போடப்பட்டு, அவற்றின்மேல் கைப்பம்புகள் நிறுத்தப்பட்டன.

சில ஆண்டுகளில் உண்மை நிலை வெளிப்பட்டது. 1970-களின் முற்பகுதியில் பார்வையிட்டபோது, நிறுத்திய பம்புகளிற் பெரும்பாலானவை ஓடவில்லை. பூமிக்குள் நல்ல நீர் இருந்தது. துளையும் சரியாகவே இருந்தது. மேலே நின்ற இரும்பு மாத்திரம் உடைந்து கிடந்தது. பம்பு வந்து விட்டதென்று பழைய கிணற்றைத் தூர் வாராமல் விட்டிருந்த ஊர்களில், பெண்கள் முன்னைக் காட்டிலும் அதிக தூரம் குடம் சுமக்க நேர்ந்தது.

ஜனங்கள் முரட்டுத்தனமாக அடிப்பதால் பம்பு உடைகின்றது என்பதே அப்போது எளிதிற் கூறப்பட்ட காரணம். அருகில் நின்று கவனித்தவர்களுக்கு வேறு காரணம் புலப்பட்டது. அப்பம்புகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பண்ணை வீடுகளின் முற்றத்தில் நிறுத்துவதற்காக அமைந்தவற்றின் பிரதிகள். வார்ப்பிரும்பினாற் செய்யப்பட்டவை. கைப்பிடி பல ஆணிகளின்மேல் அசைந்தது. ஒரு குடும்பத்திற்கு அது போதுமானது. ஓர் ஊருக்கு அது எவ்வாறு போதும்?

சுமையின் கணக்கு

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும். கிராமக் குடிநீருக்காகச் சர்க்கார் பின்னர் வகுத்த அளவின்படி, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் நீர் வேண்டும். 250 பேருக்கு ஒரு கைப்பம்பு வேண்டும். ஆகவே ஒரு பம்பு நாளொன்றுக்கு 10,000 லிட்டர் நீர் தரவேண்டும். நிமிடத்துக்கு 40 தடவை அடித்தால் ஏறக்குறைய 12 லிட்டர் நீர் வரும். இவ்வாறாயின், 10,000 லிட்டர் இறைக்கப் பம்பு ஏறக்குறைய 14 மணி நேரம் இடைவிடாமல் ஓட வேண்டும். கைப்பிடி நாளொன்றுக்கு 33,000 தடவைக்கு மேல் ஏறி இறங்க வேண்டும்.

6 பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு அதே கணக்கின்படி 240 லிட்டர் போதும். பம்பு 20 நிமிடம் ஓடினால் போதும். கைப்பிடி 800 தடவை அசைந்தால் போதும். 800 தடவை அசைய அமைந்த ஆணியை 33,000 தடவை அசைத்தால் அது தேய்வதில் வியப்பில்லை. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. இங்கு அச்சாணி இருந்தது. அது வேறொரு தேருக்காகச் செய்யப்பட்டிருந்தது.

குறை இன்னதென்று வரையறுத்தல் என்னும் இரண்டாம் படியின் அருமை இங்கு விளங்கும். ஜனங்கள் முரடர்கள் என்று குறையை வரையறுத்திருந்தால், உபதேசமும் அறிவிப்புப் பலகையுமே பரிகாரமாகியிருக்கும். சுமை மிகுதி என்று வரையறுத்தமையால், பம்பையே மாற்ற வேண்டும் என்பது தெளிவாயிற்று.

புதிய அமைப்பு

மாற்றத்திற்கு வழி காட்டியவை பெரிய ஆராய்ச்சிசாலைகளல்ல. மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் ஆகிய இடங்களில் கிராமங்களுக்குக் கிணறு அமைத்து வந்த கிறிஸ்தவ ஊழிய ஸ்தாபனங்களின் பட்டறைகளில், உடைந்த பம்புகளைத் தினந்தோறும் செப்பனிட்டு வந்த தொழிலாளர்கள் இருந்தனர். எந்த உறுப்பு முதலில் தேய்கின்றது, எது முறிகின்றது என்பதை அவர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். அவர்கள் வார்ப்பிரும்பை நீக்கி எஃகைக் கையாண்டனர். பல ஆணிகளுக்குப் பதிலாகக் கைப்பிடிக்கு ஒரே அச்சு வைத்து, அதனைப் பேரிங்கின்மேல் அமைத்தனர். கைப்பிடியின் முனையில் வளைந்த தகடு ஒன்றை வைத்து, அதிலிருந்து சங்கிலியால் கம்பியைத் தொங்கவிட்டனர். இதனால் கைப்பிடி வளைவாக ஏறி இறங்கினும், துளைக்குள் இருக்கும் கம்பி நேராகவே ஏறி இறங்கியது. தேய்மானம் வெகுவாகக் குறைந்தது.

யுனிசெப் ஸ்தாபனமும் இந்திய சர்க்காரும் இந்த அமைப்பை ஆதாரமாகக் கொண்டு, சென்னையிலிருந்த இயந்திர ஆராய்ச்சி நிலையத்தினரையும், ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் தொழிற்சாலையினரையும் சேர்த்து ஒரு புதிய பம்பை உருவாக்கின. அதுவே இந்தியா மார்க் 2 எனப் பெயர் பெற்றது. அதன் கைப்பிடி கனத்த எஃகுச் சட்டம். கிணற்றுக்குள் தொங்கும் கம்பியின் பாரத்துக்கு அது எதிர்ப்பாரமாக நிற்பதால், சிறுவர்களும் பெண்களும் அதிக சிரமமின்றி அடிக்க முடிந்தது. பம்பின் கால்கள் சிமெண்டுக் கான்கிரீட்டில் உறுதியாகப் பதிக்கப்பட்டன. சிந்திய நீர் மீண்டும் துளைக்குள் இறங்காதபடி மேடையும் வாய்க்காலும் அமைக்கப்பட்டன. நாட்டிலுள்ள சாதாரணப் பட்டறைகளிலும் செய்யத்தக்கதாக அது இருக்க வேண்டும் என்பது தொடக்கத்திலேயே விதிக்கப்பட்ட நிபந்தனை.

சோதனையும் தரமும்

புதிய பம்பைப் பட்டறையிலேயே ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைந்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், 1970-களின் நடுப்பகுதியில் கோயம்புத்தூர்ப் பிரதேசத்து ஊர்களில் அதனை நிறுத்திச் சோதித்தனர். அங்கு நீர் மட்டம் ஆழமானது. ஆகவே பம்பின்மேல் ஏறும் பாரமும் அதிகம். சுகமான இடத்தில் வென்ற கருவி கடினமான இடத்தில் தோற்கலாம். கடினமான இடத்தில் வென்றதோ எங்கும் நிற்கும். சோதனையிற் கண்ட குறைகளைத் திருத்திய பின்னர், 1977-ஐ அடுத்த ஆண்டுகளில் சென்னையில் பெருவாரியாக உற்பத்தி தொடங்கியது.

இதற்கு எவரும் தனியுரிமை கொண்டாடவில்லை. எத்தொழிற்சாலையும் செய்யலாம் என்று விடப்பட்டது. அதே சமயம், அளவு மாறினால் உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தா என்பதை முன்னறிந்து, ஐ.எஸ். 9301 என்னும் இந்தியத் தரம் வகுக்கப்பட்டது. ஒரு தொழிற்சாலையின் சங்கிலி மற்றொரு தொழிற்சாலையின் பம்பில் பொருந்த வேண்டும். ஓர் ஊரின் வாஷர் அடுத்த ஊருக்கும் உதவ வேண்டும். இவ்விரு ஏற்பாடுகளும் சேர்ந்தமையால், அடுத்த சுமார் 20 ஆண்டுகளில் பல இலட்சம் பம்புகள் இந்தியாவிலும், ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் நிறுத்தப்பட்டன.

பழுது பார்ப்போர்

எவ்வளவு உறுதியான கருவியும் ஒருநாள் பழுதடையும். பழுது பார்ப்போரையும் சேர்த்தே காரியத்தை வகுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1970-களின் பிற்பாதி முதல் மூன்றடுக்கு முறை ஒன்று நடைமுறைக்கு வந்தது. பம்பு ஒன்றுக்கு ஊரிலேயே ஒரு பராமரிப்பாளர் இருப்பார். அவர் போல்ட்டுகளை முறுக்குவதும், சங்கிலிக்குக் கிரீஸ் இடுவதும், பழுது நேர்ந்தால் தகவல் தருவதும் செய்வார். ஏறக்குறைய 100 பம்புகளுக்கு ஒன்றிய அளவில் ஒரு மெக்கானிக் இருப்பார். ஏறக்குறைய 500 பம்புகளுக்கு, குழாயைத் தூக்கும் கருவிகளுடன் வண்டியிற் செல்லும் ஒரு குழு இருக்கும்.

இம்முறையினால் பெரும் நன்மை விளைந்தது. ஆயினும் அதில் ஒரு முடிச்சு இருந்தது. பம்பின் சிலிண்டருக்குள் இருக்கும் தோல் வாஷர் சிறிய பொருள், விலையும் குறைவு. ஆனால் அது தேய்ந்தால், அதை மாற்றுவதற்குத் துளைக்குள் இருக்கும் குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். 30 மீட்டர் ஆழத்தில் சிலிண்டர் இருந்தால், குழாயும் கம்பியும் சேர்ந்து 100 கிலோவுக்கு மேல் கனக்கும். அதனால், ஒரு சிறு வாஷருக்காக ஜில்லாத் தலைநகரிலிருந்து வண்டி வரும் வரையில் ஊரார் காத்திருக்க நேர்ந்தது.

இக்குறையை நீக்கும் பொருட்டு 1980-களில் மீண்டும் கோயம்புத்தூர்ப் பகுதியிலேயே உலக வங்கியும் பிறவும் சேர்ந்து சோதனைகள் நடத்தின. அவற்றின் பயனாக இந்தியா மார்க் 3 உருவாயிற்று. அதிற் குழாய் அகலமானது, 65 மில்லிமீட்டர். குழாயை அசைக்காமலே கம்பியையும் பிஸ்டனையும் அதன் வழியாக மேலே இழுத்து எடுக்கலாம். தோலுக்குப் பதிலாக நைட்ரில் ரப்பர் வாஷர் இடப்பட்டது. அது தோலினும் நெடுங்காலம் நின்றது. ஊரிலுள்ள மெக்கானிக் ஒருவர், சில கருவிகளையும் ஓர் உதவியாளரையும் கொண்டு பெரும்பாலான பழுதுகளைத் தாமே நீக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. அகலக் குழாய் கனமும் விலையும் மிக்கது என்பது இதன் குறை. எவ்வமைப்பிலும் ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். எதை விடுவது என்பதை மறைக்காமல் முன்கூட்டியே முடிவு செய்வது நலம்.

பம்பைச் செப்பனிடுவது ஆண்களின் வேலை என்ற எண்ணமும் பின்னர் மாறியது. உத்தரப் பிரதேசத்துப் பாந்தா ஜில்லாவில் 1990-களில் கிராமப் பெண்கள் கைப்பம்பு மெக்கானிக்குகளாகப் பயிற்சி பெற்றனர். நீர் நின்றால் முதலில் வருந்துவோரும் அவர்களே. ஆகையால் அதைச் சரி செய்வதில் அக்கறையும் அவர்களுக்கே அதிகம்.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒரு காரியம் புதுமையாகவும் மனத்தைக் கவர்வதாகவும் இருப்பது அது பயன் தரும் என்பதற்கு அத்தாட்சியாகாது. தென் ஆப்பிரிக்காவில் பிளே பம்பு என்னும் ஒரு கருவி தோன்றியது. குழந்தைகள் ஏறிச் சுற்றி விளையாடும் ராட்டினம் பூமியிலிருந்து நீரை இறைத்து உயரமான தொட்டியில் நிரப்பும். குழந்தைகளுக்கு விளையாட்டு, ஊருக்கு நீர் என்பது எண்ணம். 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதற்கு 1 கோடியே 64 இலட்சம் டாலர் உதவி அறிவிக்கப்பட்டது. 2010-க்குள் 4,000 பம்புகள் என்பது இலக்கு.

ஆனால் குழந்தைகள் விளையாடும் நேரம் வேறு. ஊருக்கு நீர் வேண்டிய நேரம் வேறு. அதிகாலையிலும் மழையிலும் ராட்டினத்தைச் சுற்றக் குழந்தைகள் இல்லை. பெண்களே வெட்கத்துடனும் களைப்புடனும் அதைச் சுற்றினர். ஒரு பம்பு இத்தனை பேருக்கு நீர் தரும் என்று கூறப்பட்ட அளவை எட்ட வேண்டுமாயின், குழந்தைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009-இல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை கணக்கிட்டுக் காட்டியது. சில இடங்களில் ஓடிக்கொண்டிருந்த சாதாரணக் கைப்பம்பை எடுத்துவிட்டு இதை நிறுத்தியிருந்தனர். இலக்கை எட்டுமுன்னரே அம்முயற்சி நின்று போயிற்று. ஒரு காகிதத்தில் போடத்தக்க கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் இவ்வளவு பொருள் வீணாகியிராது.

இரண்டாவது எச்சரிக்கை மிகவும் துயரமானது. வங்காள தேசத்தில் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்ததால் காலராவும் வயிற்றுப்போக்கும் பரவி, குழந்தைகள் பெருந்தொகையாக மடிந்தனர். ஆகையால் 1970-கள் முதல் இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் அங்கே போடப்பட்டன. நீர் தெளிவாக இருந்தது. நோய்க் கிருமிகள் இல்லை. ஜனங்களும் விரும்பி ஏற்றனர். ஆயினும் அந்நீரிற் பலவிடங்களில் ஆர்சனிக் என்னும் விஷம் கரைந்திருந்தது. கிருமியே குறை என்று வரையறுத்திருந்தமையால், ஆர்சனிக் உண்டா என்று எவரும் சோதிக்கவில்லை. 1993-இல்தான் அது அந்நாட்டில் வெளிப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வில், ஆழம் குறைந்த குழாய்க் கிணறுகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில், லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற அந்நாட்டு வரம்பைத் தாண்டி ஆர்சனிக் இருந்தது கண்டறியப்பட்டது. நல்ல நீர் தரும் பம்புக்குப் பச்சையும் விஷ நீர் தரும் பம்புக்குச் சிவப்பும் பூசி ஜனங்களை எச்சரிக்க நேர்ந்தது.

இது நமக்குத் தொலைவிலுள்ள விஷயமன்று. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் ஆழத்து நீரிற் புளோரைடு மிகுந்திருப்பதால் பற்கள் கறைபடுவதும் எலும்புகள் நலிவதும் உண்டு. அதனாலேயே காவிரி நீரைக் கொண்டு செல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2013-இல் நடைமுறைக்கு வந்தது. நீர் கிடைத்தது என்பதோடு நில்லாமல், அந்நீரில் என்ன கலந்துள்ளது என்பதையும் சோதித்த பின்னரே பம்பை நிறுத்த வேண்டும்.

மோட்டாரும் கைப்பம்பும்

நிலமுடைய விவசாயிகள் மிகவும் கவனிக்கத்தக்க விஷயம் இனிக் கூறப்படுவதாகும். சாதாரணக் கைப்பம்பு ஏறக்குறைய 50 மீட்டர், அதாவது 160 அடி வரையிலிருந்தே நீரை இறைக்க வல்லது. அதற்கு மேல் கையால் இறைப்பது மிகக் கடினம். பாசனத்திற்காகப் போடப்படும் போர்களோ 300 அடி, 500 அடி என்று இறங்கி, கொங்கு நாட்டின் சில இடங்களில் 1,000 அடியையும் தாண்டிவிட்டன. நீர் மட்டம் 160 அடிக்குக் கீழே போய்விட்டால் பம்பு எவ்வளவு நன்றாக அமைந்திருப்பினும் காற்றைத்தான் இறைக்கும்.

இதிலும் கணக்கே தெளிவு தரும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரம் நீர் பாய்ச்ச ஏறக்குறைய 1,00,000 லிட்டர் வேண்டும். அது 250 பேருக்கு 10 நாள் குடிநீர். நல்ல ஊற்றுள்ள துளையில் நன்கு ஓடும் 5 குதிரைசக்தி மோட்டார், அந்த 250 பேரின் ஒரு நாள் நீரை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இறைத்துவிடும். இதனால் விவசாயம் செய்வது தவறு என்று பொருள்படாது. வயலுக்கும் நீர் வேண்டும்; அதனால்தான் ஊருக்குச் சோறு. ஆனால் மேலே இருவேறு வாய்கள் இருப்பினும், கீழே இருப்பது ஒரே நீர் என்பதை மறக்கலாகாது.

கைப்பம்பை அமைத்தவர்கள் பம்பை மிக நன்றாக ஆராய்ந்தனர். பம்புக்குக் கீழே உள்ள நீரை யார் யார் எடுப்பர் என்பதை ஆராய்ந்து வகுக்கும் பொறுப்பு அவர்களிடம் இருக்கவில்லை. ரிட்டலும் வெப்பரும் கூறியது இங்கே பலித்தது. நீரை எளிதாக்கிய அதே துளை போடும் இயந்திரம், நீரை ஆழத்துக்கு விரட்டவும் காரணமாயிற்று. இக்குறையை எந்தப் பட்டறையும் நீக்க முடியாது. நிலமுடையோரும் நிலமற்றோரும் ஒன்றாக உட்கார்ந்து, குடிநீர்த் துளைக்கு அருகில் பாசன போர் போடுவதில்லை என்றும், கோடையில் எப்பயிரை எவ்வளவு நிலத்தில் வைப்பது என்றும், எவ்வேரியைத் தூர் வாருவது என்றும் தமக்குள் இசைந்தாலன்றி அது தீராது.

கிராமாதிகாரிகளும் பெருநிலக்காரர்களும் கேட்க வேண்டியவை

2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரை வீட்டுக் குழாயிலேயே தருவதை நோக்கமாகக் கொண்டது. கைப்பம்பு கற்பித்த பாடங்கள் இக்குழாய்களுக்கும், ஊரில் நடைபெறும் எந்தப் பொதுக் காரியத்துக்கும் பொருந்தும். ஆதலின், புதிய ஏற்பாடு எதற்கும் இசைவு தருமுன் பின்வரும் கேள்விகளைக் கேட்டு, விடைகளை எழுத்தில் பதிந்து வைத்தல் நன்று.

1. இதை நாள்தோறும் கையாளப் போகிறவர் யார்? அவர்களிடம், முக்கியமாகப் பெண்களிடமும், ஊரின் கடைசித் தெருவில் வசிப்போரிடமும் கேட்டாயிற்றா?

2. நாளொன்றுக்கு எத்தனை பேர், எவ்வளவு நேரம் பயன்படுத்துவர்? அச்சுமைக்கு இது அமைந்ததா?

3. எந்த உறுப்பு முதலில் தேயும்? அது எந்தக் கடையிற் கிடைக்கும்? விலை என்ன? அதை மாற்றத் தெரிந்தவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்?

4. பராமரிப்புக்கு ஆண்டுதோறும் எவ்வளவு பணம் வேண்டும்? அது எந்தக் கணக்கிலிருந்து வரும்?

5. நம்மைப் போன்ற மற்றோர் ஊரில் இது ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் தாண்டி ஓடியிருக்கின்றதா? அவ்வூரை நேரிற் சென்று பார்த்தவர் யார்?

6. நீரும் மண்ணும் பரிசோதிக்கப்பட்டனவா? கிருமியுடன் புளோரைடு முதலிய உப்புக்களும் பார்க்கப்பட்டனவா?

7. இதனால் வேறு எவருக்கேனும் நஷ்டம் உண்டா? உண்டாயின் அதற்குப் பரிகாரம் என்ன?

8. இது நின்றுவிட்டால் ஊராருக்கு மாற்று வழி உண்டா? பழைய கிணறு தூர்ந்து போகாமல் காக்கப்படுகின்றதா?

இவற்றோடு ஒவ்வோர் ஊரிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, மாதம் ஒரு முறை குடிநீர்க் கிணற்றின் நீர் மட்டத்தையும், பம்போ மோட்டாரோ நின்ற நாட்களையும், நின்றதற்குரிய காரணத்தையும் குறித்து வருதல் வேண்டும். நீர் மட்டம் அளக்க ஒரு கயிறும் ஒரு கல்லும் போதும். இரண்டு ஆண்டுக் குறிப்பு இருந்தால், பழுது கருவியிலா, பழுது பார்ப்பதிலா, பூமிக்குள் இருக்கும் நீரிலா என்பது ஐயமின்றித் தெரிந்து விடும். அக்குறிப்பைக் கொண்டு மேலதிகாரிகளிடம் முறையிடும் ஊரின் சொல்லுக்கு வலிமையும் அதிகம். கோடைக்கு முன்னரே இந்தப் புத்தகத்தைத் தொடங்குவது உசிதம்.